டிஎஸ்எல்ஆரா, சினிமா கேமராவா? முதலில் கைகளை எண்ணுங்கள்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். கல்லூரி முடித்த நான்கு பேர் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறார்கள். கதை தயார். கும்பகோணம் பக்கத்தில் ஒருவனுடைய பாட்டி வீடுதான் லொகேஷன். கையில் கேனான் 80டி என்ற டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. "மாமா, இதுலயே எடுத்துடலாமா, இல்ல பாக்கெட் சிக்ஸ் கே வாடகைக்கு எடுக்கட்டுமா? சினிமா கேமரா இல்லாம இறங்காதேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

பாக்கெட் சிக்ஸ் கே என்பது பிளாக்மேஜிக் கம்பெனியின் சிறிய சினிமா கேமரா. கேமராவைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன் நான் அவனிடம் ஒன்று கேட்டேன். "நடிக்கிறவங்களை விட்டுட்டு, செட்டில் எத்தனை பேர் நிப்பீங்க?"

நான்கு பேரில் இரண்டு பேர் நடிக்கிறார்கள். மீதி ஒருவன் டைரக்ஷன், ஒருவன் கேமரா. சவுண்டுக்கு ஆள் இல்லை. ஃபோக்கஸுக்கு ஆள் இல்லை. கார்டைக் காப்பி எடுக்க ஆள் இல்லை.

பத்து வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ, குறும்படம், விளம்பரம் என்று இரண்டு வகைக் கேமராவிலும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: டிஎஸ்எல்ஆர் ஒரே ஆளின் கைக்காகச் செய்த பொருள். சினிமா கேமரா நாலைந்து பேர் சூழ்ந்து நின்று வேலை செய்வதற்காகச் செய்த பொருள். படத்தின் தரம், விலை, வசதி எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

டிஎஸ்எல்ஆரின் அடிப்படை போட்டோ கேமரா. லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அது ஒளியை மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்பும். வீடியோ எடுக்கும்போது அந்தக் கண்ணாடி மேலே மடங்கி அப்படியே நிற்கும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதாவது வீடியோ என்று வந்துவிட்டால் டிஎஸ்எல்ஆர் தன் பெயரில் 'ரிஃப்ளெக்ஸ்' என்ற சொல்லுக்குக் காரணமான அந்தக் கண்ணாடியையே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறது. 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தபோது அதில் 720பி வீடியோ இருந்தது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2ஐ முழு எச்டியோடு அறிவித்தது. பெரிய சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் பாகம்), பின்னணி கரைந்து போகும் அந்த அழகும் அதுவரை பெரிய பட்ஜெட்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தவை. முதலில் வந்த 5டி மார்க் 2இல் நொடிக்கு 24 படம் என்ற சினிமா வேகமான 24 பிரேமே கிடையாது, 30 மட்டும்தான். 2010இல் ஃபர்ம்வேர் அப்டேட்டில்தான் 24உம் 25உம் வந்தன. அதே ஆண்டு 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாவது சீசன் கடைசிப் பகுதியை முழுக்க அந்தக் கேமராவிலேயே எடுத்தார்கள். நம் ஊரில் 2012இல் வந்த 'வழக்கு எண் 18/9' டிஎஸ்எல்ஆரில் எடுத்த படம். அதை வெள்ளித்திரையில் பார்த்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வந்த தைரியம் சாதாரணமானதல்ல.

மறுபக்கம் 2007இல் ரெட் ஒன் வந்தது. பாடி மட்டும் 17,500 டாலர், 4கே (அகலத்தில் சுமார் 4,000 பிக்சல்), ரா பதிவு (சென்சார் தந்ததை அதிகம் பக்குவப்படுத்தாமல் வைப்பது). 2010இல் ஆரி அலெக்ஸா. 2012இல் பிளாக்மேஜிக் முதல் சினிமா கேமராவை 3,000 டாலருக்குள் அறிவித்தபோதுதான் நம்மைப் போன்றவர்கள் வாடகைக்காவது தொடலாம் என்ற நிலை வந்தது. இன்றைக்குக் குறும்படக்காரர்கள் சினிமா கேமரா என்று சொல்லும்போது பெரும்பாலும் பிளாக்மேஜிக் பாக்கெட்டைத்தான் சொல்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் 80டி ஒரு பக்கம், பாக்கெட் 6கே மறுபக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முற்றத்து வெயிலும் நீலச் சுவரும்

பாட்டி வீடு என்று அவன் சொன்னதுமே எனக்கு ஒரு பழைய ஷூட்டிங் ஞாபகம் வந்தது. அதுவும் முற்றம் வைத்த வீடு. காலை பத்து மணி. முற்றத்தில் வெயில் நேராக விழுகிறது. அதன் ஓரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த சுவர். சுவரை ஒட்டி இருட்டான உள்ளறை வாசல், அங்கே மருமகள் நிற்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் பெரியவரின் முகத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது ஒளி அளவு, வைத்தேன். வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது, மடிப்பு ஒன்றும் தெரியவில்லை. வேட்டிக்கு வைத்தேன், மருமகள் காணாமல் போய்விட்டாள். நடுவில் ஒன்றைப் பிடித்து எடுத்து முடித்தோம். அப்புறம் எடிட்டில் உள்ளறையைக் கொஞ்சம் தூக்கலாம் என்று இழுத்தபோது இருட்டுக்குள்ளிருந்து கட்டம் கட்டமாக அழுக்கு எழுந்து வந்தது. அதைவிட மோசம் அந்த நீலச் சுவர். வெயிலிலிருந்து நிழலுக்கு மெல்ல இறங்க வேண்டிய நீலம், படிக்கட்டுப் போலப் பட்டை பட்டையாக இறங்கியது.

காரணம் எளிய கணக்கு. 80டி போன்ற டிஎஸ்எல்ஆர்களின் பதிவு 8 பிட். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். 10 பிட்டில் 1024 படிகள், 12 பிட்டில் 4096. 256 படி கண்ணுக்குப் போதும், சந்தேகமில்லை. எடுத்ததை எடுத்தபடியே காட்டுவதானால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் நிழலை இழுத்துத் தூக்கும்போது அந்த 256இல் ஒரு இருபது முப்பது படியைத்தான் விரித்துப் பரப்புகிறோம். இடையில் உள்ள நிறங்கள் பதிவாகவே இல்லை, எங்கிருந்து வரும்? இதோடு 4:2:0 என்ற இன்னொரு சிக்கனம் உண்டு. நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற விவரத்தை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது. பச்சைத் திரைக்கு முன் எடுத்த ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டும்போது முடியின் ஓரம் பச்சையாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

பாக்கெட் 6கே பதிவு செய்வது 12 பிட் பிளாக்மேஜிக் ரா. கம்பெனி சொல்லும் டைனமிக் ரேஞ்ச், அதாவது ஒரே படத்தில் பிடிக்கும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளி, 13 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. அதே முற்றம், அதே வேட்டி, மடிப்பும் இருக்கும், உள்ளறையில் நிற்பவளின் முகமும் இருக்கும். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன்) பிறகு உட்கார்ந்து நிதானமாகத் தீர்மானிக்கலாம். டிஎஸ்எல்ஆரில் ஒயிட் பேலன்ஸ் தப்பினால் அந்தத் தப்பு படத்தோடு வெந்துவிடும், பிரிக்க வராது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரா என்பது வேக வைக்காத அரிசி. கேமராவிலிருந்து வருவதைப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். கலர் கிரேடிங், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்துவது, தெரிந்தவர் உட்கார்ந்து வேலை செய்தால்தான் சோறாகும். டாவின்சி ரிசால்வ் என்ற கிரேடிங் மென்பொருளைக் கற்றுக்கொண்டவர் உங்கள் குழுவில் இல்லை என்றால், அந்த 12 பிட் ஹார்ட் டிஸ்க்கில் சும்மா தூங்கும். கிரேடிங் தெரியாதவர் எடுத்த ராவைவிட, செட்டிலேயே ஒளியைச் சரி செய்து எடுத்த டிஎஸ்எல்ஆர் படம் நன்றாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த முற்றத்திலும் ஒரு பெரிய தெர்மகோலைப் பிடித்து உள்ளறைக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட்டிருந்தால், முற்றத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தால், டிஎஸ்எல்ஆரே தாங்கியிருக்கும். ஆனால் தெர்மகோல் பிடிக்க ஒரு ஆள், துணி கட்ட இரண்டு ஆள். அன்றைக்கு நாங்கள் மூன்றே பேர்.

பட்டுப்புடவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய டிஎஸ்எல்ஆரில் காஞ்சிபுரம் பட்டைக் கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். ஜரிகை போட்ட முந்தானையில் பச்சையும் ஊதாவுமாக வானவில் ஊர்ந்து போகும். ஓட்டு வீட்டுக் கூரையிலும் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டையிலும் இதே கதைதான். மொய்ரே என்பார்கள்.

போட்டோவுக்காக 2 கோடிக்கு மேல் பிக்சல் வைத்த சென்சாரிலிருந்து வீடியோவுக்கு வேண்டியது வெறும் 20 லட்சம் பிக்சல். எல்லாவற்றையும் படித்துச் சுருக்க அந்தக் காலத்துப் பிராசஸருக்கு வேகம் போதாது. அதனால் சில வரிகளைப் படித்துச் சில வரிகளைத் தாண்டிவிடும். தாண்டிய இடத்தில் ஜரிகை இழை ஓடினால், கேமரா அதைத் தப்பாக யூகிக்கும். அந்த யூகம்தான் வானவில். இதைக் கிரேடிங்கில் எடுக்கவே முடியாது. வீடியோவுக்கென்றே செய்த சென்சாரில் பிக்சல் எண்ணிக்கை அளவாக இருக்கும், எல்லா வரியையும் படிக்கும், அதனால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பாக்கெட்டில் முழுதாக இல்லை என்று சொல்ல மாட்டேன், எப்போதாவது எட்டிப் பார்க்கும். டிஎஸ்எல்ஆர் மட்டும்தான் இருக்கிறது என்றால், புடவையைத் தேர்வு செய்யும்போதே கேமராவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அல்லது ஃபோக்கஸ் முகத்தில் இருக்க, புடவை லேசாக ஃபோக்கஸ் தள்ளி விழும்படி நில்லுங்கள்.

ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் தென்னை மரங்கள் சாய்ந்து ஓடும் ரோலிங் ஷட்டர் பிரச்சினை இரண்டு பக்கமும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் அதிகம், சினிமா கேமராவில் குறைவு. ரெட் கொமோடோ போல, படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் வைத்த சில கேமராக்களில்தான் அறவே இருக்காது.

வெயிலுக்கு ஒரு கணக்கு

நம் ஊரில் எடுப்பவர்கள், ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரைப் பற்றி யோசிக்காமல் கேமராவை முடிவு செய்யக் கூடாது. 24 அல்லது 25 பிரேமில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50இல் நிற்க வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 16 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/100 என்பது பழைய போட்டோகிராபர்களின் மனக்கணக்கு. இப்போது டிஎஸ்எல்ஆரில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 வைத்து, பின்னணி கரைய எஃப் 2.8க்குத் திறந்தால் 6 ஸ்டாப் ஒளி அதிகம். பாக்கெட்டின் இயல்பான ஐஎஸ்ஓ 400 என்பதால் அங்கே 8 ஸ்டாப் அதிகம். அலெக்ஸா போல 800இல் நிற்கும் கேமராவில் 9.

ஆக, சினிமா கேமராவுக்குத்தான் கறுப்புக் கண்ணாடி அதிகம் தேவை. அதனால்தான் கேனான் சி300, சோனி எஃப்எக்ஸ்6, பாக்கெட் 6கே புரோ போன்றவற்றில் என்டியை உள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள். 6கே புரோவில் ஒரு பொத்தானில் 2, 4, 6 ஸ்டாப் இறங்கும். 6 ஸ்டாப் போட்டு லென்ஸை எஃப் 5.6க்கு மூடினால் நடு மதியத்திலும் வேலை நடக்கும். புரோ என்ற பெயர் இல்லாத சாதாரண 6கேயில் உள் என்டி கிடையாது. வாடகைக்கு எடுக்கும்போது எந்த மாடல் என்று கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்காமல் போய், மாலை நாலரை மணிக்காகக் காத்திருந்த குழுவை எனக்குத் தெரியும்.

டிஎஸ்எல்ஆருக்கு, திருப்பினால் இருட்டின் அளவு மாறும் வேரியபிள் என்டி ஒன்று வாங்கினால் போதும். மலிவானதை வாங்க வேண்டாம். அதிகம் திருப்பினால் படத்தின் நடுவே பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும், முகத்தின் நிறமும் பச்சைப் பக்கம் சாயும்.

டியூப்லைட் விஷயம் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 என்றால் சாதாரணமாகத் துடிப்பு தெரியாது. சினிமா கேமராவில் ஷட்டரை ஆங்கிளில் சொல்வார்கள். 24 பிரேமில் 180 டிகிரி என்றால் அது 1/48, டியூப்லைட் கடையில் துடிப்பு வரலாம். 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50. டிஎஸ்எல்ஆர்காரர்கள் இதை யோசிக்கவே வேண்டியதில்லை, அங்கே 1/50 எண்ணாகவே இருக்கிறது.

சத்தம்

டிஎஸ்எல்ஆர் வாங்குபவர்கள் பாடியில் மைக் ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. கேனான் 1500டியில் கிடையாது. 80டியில் மைக் ஜாக்கும் உண்டு, ஹெட்போன் ஜாக்கும் உண்டு. பாக்கெட்டில் மினி எக்ஸ்எல்ஆர் என்ற மைக் இணைப்பு இருக்கிறது, மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் (பாண்டம் பவர்) கொடுக்கும், பூம் மைக்கை நேராகச் செருகலாம். ஆனால் எந்தக் கேமராவானாலும் தனி ரெக்கார்டரில் எடுத்து, கிளாப் அடித்து ஒட்டுவதுதான் நல்லது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். கேமராவுக்கு வைத்த பணத்தில் பாதியை எடுத்துச் சவுண்டுக்குப் போடச் சொல்லி நான் சண்டை போட்ட நாட்கள் உண்டு. இன்றும் போடுவேன்.

கைகள்

சரி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

80டியை எடுத்துக்கொண்டு ஒருவன் தனியாக டவுன் பஸ்ஸில் ஏறலாம். 18-135 லென்ஸில் கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. 2013இல் 70டியோடு கேனான் கொண்டுவந்த டூயல் பிக்சல் ஆட்டோஃபோக்கஸ் 80டியிலும் உண்டு, திரையில் முகத்தைத் தொட்டால் பிடித்துக்கொண்டு கூடவே வரும். ஒரு பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பக்கத்து சீட்டுக்காரர் "போட்டோ எடுக்கிறான்" என்று நினைத்துத் திரும்பிக்கொள்வார். கூட்டத்தில் கூட்டமாக எடுக்க இதைவிட நல்ல கருவி அந்த விலையில் இல்லை.

பாக்கெட்டில் தொடர்ந்து ஓடும் ஆட்டோஃபோக்கஸ் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முறை பிடிக்கும், அவ்வளவுதான். நடிகர் எழுந்து நடந்தால் யாராவது ரிங்கைத் திருப்ப வேண்டும். போட்டோ லென்ஸில் ஃபோக்கஸ் ரிங் கால்வட்டம் சுற்றினாலே கிட்டத்திலிருந்து தூரம் போய்விடும், மயிரிழை தப்பினாலும் மூக்கு ஷார்ப், கண் மங்கல். சினிமா லென்ஸில் ரிங் முக்கால் வட்டத்துக்கு மேல் சுற்றும், பல்சக்கரம் இருக்கும், ரிங்கைத் திருப்பும் ஃபாலோ ஃபோக்கஸ் கருவியை மாட்டலாம், தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு ஃபோக்கஸ் புல்லர் நிதானமாகத் திருப்பலாம். ஆகவே பாக்கெட் எடுத்தால் ஃபோக்கஸுக்கு ஒரு ஆள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாடிக்குள் ஸ்டெபிலைசரும் இல்லை. எனவே டிரைபாட், ஸ்லைடர் அல்லது கிம்பல், அதைத் தூக்க ஒரு தெம்பான ஆள்.

பேட்டரியும் அப்படித்தான். டிஎஸ்எல்ஆருக்குச் செய்த அதே எல்பி-இ6 பேட்டரியைச் சாதாரண 6கேயில் போட்டால் ஒரு மணி நேரம்கூட வராது. வி-மவுண்ட் என்ற பெரிய பேட்டரி மாட்ட வேண்டும். அதை மாட்ட ரிக் என்ற சட்டம் வேண்டும். ரிக் வந்ததும் மானிட்டர், மேட் பாக்ஸ் என்று கை நீளும். கையடக்கமாகத் தெரிந்த கேமரா மாலைக்குள் நான்கு கிலோவைத் தாண்டியிருக்கும்.

பதிவாகும் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் புரியும். 20 நிமிடப் படம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் 8 நிமிடம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள், புதியவர்களுக்கு இது சாதாரணம். மொத்தம் 160 நிமிடம். 80டியின் சாதாரண, நன்றாகச் சுருக்கிய ஐபிபி பதிவில் இது 40 ஜிபிக்குள் அடங்கும், ஒரு கார்டு. பாக்கெட்டில் 6கே, 24 பிரேம், 8க்கு 1 சுருக்கத்தில் நொடிக்குச் சுமார் 96 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 345 ஜிபி. 160 நிமிடத்துக்கு 900 ஜிபியைத் தாண்டும். ஒரே டிஸ்க்கில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது, இரண்டு காப்பி வேண்டும், ஆக 2 டிபி. 12க்கு 1 சுருக்கம் வைத்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். குறும்படத்துக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம்.

இந்தக் காப்பி வேலையைச் செய்பவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு முறை என்னோடு வந்த பையனே கிளாப்பும் அடித்தான், டீயும் வாங்கி வந்தான், டிஸ்க்கையும் மாற்றினான். கேமராவையும் பதிவாகும் டிஸ்க்கையும் இணைத்த யுஎஸ்பி-சி கேபிள் லேசாக நெகிழ்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. அழுகைக் காட்சி, நல்ல டேக், கட் சொன்ன பிறகு பார்த்தால் பதிவு 40 நொடியில் நின்றிருந்தது. அந்த அம்மாவை மறுபடி அழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து கேபிளுக்குக் கிளாம்ப் போடாமல் கேமராவை ஆன் செய்வதில்லை.

டிஎஸ்எல்ஆர் பக்கத்தில் இதற்கு ஈடான ஆபத்து நேர வரம்பு. 80டியில் ஒரு கிளிப் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும். முப்பது நிமிடத்தைத் தாண்டினால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கூடுதல் சுங்க வரி என்பதால் வந்த வழக்கம் அது. பழைய 5டி மார்க் 2இல் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும், அதாவது சுமார் 12 நிமிடத்தில் நின்றுவிடும். முகூர்த்தத்தில் இது எவ்வளவு பயங்கரம் என்று கல்யாணம் எடுத்தவர்களைக் கேளுங்கள். கெட்டிமேளம் தொடங்குவதற்குள் நாமே ஒரு முறை நிறுத்தி மறுபடி ஆரம்பித்துவிட வேண்டும். மே மாத வெயிலில் சூடு ஏறி எச்சரிக்கைக் குறி வருவது தனி. நிழலில் வைத்து ஆற விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. குறும்படத்தில் டேக் இரண்டு மூன்று நிமிடம்தான் என்பதால் நேர வரம்பு பெரிய விஷயமே இல்லை.

இன்னும் ஒரு கை விஷயம், கண் விஷயம் என்றும் சொல்லலாம். 80டியில் ஃபோக்கஸையும் ஒளி அளவையும் திரையிலேயே காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங், ஃபால்ஸ் கலர், வேவ்ஃபார்ம் எதுவும் கிடையாது. வெளிச்சம் எங்கே வெடிக்கிறது என்று திரையைப் பார்த்து யூகிக்க வேண்டும், வெளியில் வெயிலில் திரையே தெரியாது. பாக்கெட்டில் ஃபால்ஸ் கலரைப் போட்டால் முகம் எந்த அளவில் இருக்கிறது, வேட்டி எங்கே போய்விட்டது என்று நிறத்திலேயே காட்டும். கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஒரு நாள் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

படம் எங்கே ஓடப் போகிறது

யூடியூப் என்றால், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கையில் போன்தான். அந்தத் திரையில் 6கேயும் எச்டியும் ஒன்றே. நீலச் சுவரின் படிக்கட்டு மட்டும் இன்னும் மோசமாகும், யூடியூப் மறுபடி சுருக்குவதால்.

திரையரங்கு என்றால் பயப்பட வேண்டாம். திரையரங்குக்குக் கொடுக்கும் கோப்பான 2கே டிசிபியின் சாதாரண அகலத் திரை 1998 பிக்சலுக்கு 1080. எச்டி 1920க்கு 1080. அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. பெரிய திரையில் காட்டிக் கொடுப்பது இருட்டில் எழும் கட்டங்களும் ஜரிகை வானவில்லும்தான். பெரும்பாலான குறும்பட விழாக்களில் எந்தக் கேமரா என்று கேட்கவே மாட்டார்கள்.

பெரிய ஓடிடி என்றால்தான் கேமராவின் பெயரே நிபந்தனையாகும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு ஒரு கேமராப் பட்டியல் வைத்திருக்கிறது. படத்தில் 90 சதவீதமாவது அந்தப் பட்டியலில் உள்ள கேமராவில் எடுத்திருக்க வேண்டும், சென்சார் முழு 4கே இருக்க வேண்டும். உலகமே கொண்டாடிய பழைய அலெக்ஸாவுக்கே, சென்சார் 4கே இல்லாததால் அதில் இடம் கிடைக்கவில்லை. முதல் குறும்படம் எடுப்பவர்கள் இந்தக் கவலையை இப்போதே சுமக்க வேண்டாம்.

வாங்குவதா, வாடகையா

இன்று புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கச் சொல்ல மாட்டேன். கேனானின் கடைசிப் பெரிய டிஎஸ்எல்ஆர் 2020இல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3. அதன் பிறகு எல்லா உழைப்பும் அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. இருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் அதே பணத்தில் 10 பிட் எடுக்கும் பழைய மிரர்லெஸ் ஒன்றைத் தேடுங்கள். இரண்டு உலகத்துக்கும் நடுவே சோனி எஃப்எக்ஸ்3 போன்றவை வந்துவிட்டன. கையளவுக் கேமரா, 10 பிட், நல்ல ஆட்டோஃபோக்கஸ், நெட்ஃபிளிக்ஸ் பட்டியலிலும் இருக்கிறது. 2023இல் வந்த 'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தை அதில்தான் எடுத்தார்கள். அதைக் காட்டி, சின்னக் கேமரா போதும் என்று பலர் வாதாடுகிறார்கள். அந்தப் படத்துக்குச் செலவு சுமார் 8 கோடி டாலர். கேமரா சின்னது, அதைச் சுற்றி நின்ற கைகள் ஏராளம்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, உங்கள் ஈஎஃப் லென்ஸ்கள் பாக்கெட் 6கேயில் அப்படியே மாட்டும். ஆகவே பணம் கிடைத்தால் முதலில் லென்ஸ், அப்புறம் மைக், அப்புறம் ஒரு நல்ல எல்இடி விளக்கு. கேமராவை வேண்டும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் பலர். பெரிய கேமராவோடு அட்டெண்டர் ஒருவர் கூடவே வருவார், அவருக்குப் பேட்டா தனி. அதைச் செலவு என்று நினைக்காதீர்கள். உங்கள் குழுவில் கேமராவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார், கேட்டால் சொல்லிக்கொடுப்பார்.

அக்கா மகனிடம் கடைசியில் நான் சொன்னது இது. கதையில் மூன்று பகுதி. பாட்டி வீட்டு முற்றம், பஸ் பயணம், இரவில் ஒரு மளிகைக் கடை. முற்றத்துக்கும் கடைக்கும் சேர்த்து இரண்டு நாள் 6கே புரோ எடு. பஸ் முழுக்க 80டியில் போ. இரண்டு கேமராவின் நிறமும் ஒட்டாது என்பதால் ஒரே காட்சிக்குள் இரண்டையும் கலக்காதே, பகுதி பகுதியாக வைத்தால் கண் ஏற்றுக்கொள்ளும். 80டியில் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்துக் கான்ட்ராஸ்டைக் குறை, ஜன்னல் வெளிச்சம் வெடிக்காமல் பார்த்துக்கொள், முகம் கொஞ்சம் இருட்டினாலும் பரவாயில்லை. இதற்கெல்லாம் முன்னால் இன்னும் மூன்று பேரைச் சேர். ஃபோக்கஸுக்கு ஒருவர், சவுண்டுக்கு ஒருவர், டிஸ்க்குக்கு ஒருவர். அந்த மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் பாக்கெட்டை மறந்துவிட்டு, முழுப் படத்தையும் 80டியில் எடுத்து, வாடகைப் பணத்தை மைக்குக்கும் தெர்மகோலுக்கும் போடு.

நேற்று மறுபடி போன் செய்தான். ஃபோக்கஸுக்கு விஸ்காம் படிக்கும் ஒரு பெண் வருகிறாளாம், சவுண்டுக்குக் கூடப் படித்தவன் ஒருவன். டிஸ்க்குக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. "அம்மா கேட்டாங்க மாமா, அவங்க வந்து உக்காந்து காப்பி எடுத்துத் தரட்டுமான்னு."

அக்கா 30 வருடம் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தவள். எண்ணிப் பார்க்காமல் எதையும் கீழே வைக்க மாட்டாள். தாராளமாக வரச் சொல் என்றேன்.